வால் வெட்டிய கிளிப்

பரமசிவன் அண்ணாச்சி தவறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு காரின் ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தேன். இடது கையில் ஹோஸ். வலது கையில் ஸ்பிரிங் கிளிப்பை விரித்துப் பிடித்த பிளேயர். மேசை மேல் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கிளிப்பைப் பாதியில் விட முடியாது. விட்டால் எகிறி எங்காவது போய் விழும், இல்லையென்றால் விரலைக் கடிக்கும். அதன் பழைய தடத்தில் அதை உட்காரவைத்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் போனை எடுத்தேன். அவர் மகன் பேசினார். "அப்பா போயிட்டாவ அண்ணாச்சி. காலைல காப்பி குடிச்சிட்டு நாற்காலில இருந்தாவ. அப்படியே..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "எப்ப எடுக்கீங்க?" என்று மட்டும் கேட்டேன். கேட்டு முடித்ததும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. வேறு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து அந்தப் பிள்ளையே வந்தார். பதினாறாம் நாளுக்கு அப்பாவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்றார். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத்தான் தெரியும் என்றேன். "பேசுத மாதிரியே எழுதுங்க அண்ணாச்சி" என்றார். அதனால் எழுதுகிறேன். இதைப் படிக்கப்போகிற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் கை படாத வண்டி தென்காசியிலும் செங்கோட்டையிலும் குறைவு. உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இசக்கிமுத்து என்கிற டிரைவரின் பிழைப்பு போகப் பார்த்தது. அதற்குக் காரணம் நான். அது அண்ணாச்சிக்குத் தெரியும். நானே அதைச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தப் பக்கங்கள்.

வண்டி வேலை தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமே. இஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர் ரப்பர் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய்வரும். சூட்டில் மிஞ்சுகிற தண்ணீர் போய் நிற்கப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும். ஹோஸின் இரண்டு வாயையும் இறுக்கிப் பிடிக்க வாய்க்கொரு கிளிப் இருக்கும். அதில் இரண்டு வகை. ஒன்று ஸ்பிரிங் கிளிப். இரண்டு காது வைத்த எஃகு வளையம் அது. காதைப் பிளேயரால் நெருக்கினால் விரியும், விட்டால் கவ்விக்கொள்ளும். மற்றது ஸ்குரூ கிளிப். பட்டையைச் சுற்றி மாட்டி, திருகி இறுக்குவது.

நான் ஸ்குரூ கட்சி. சாதாரணக் கட்சி இல்லை, வெறி. புது வண்டி எது வந்தாலும் அதிலிருக்கும் ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு ஸ்குரூ கிளிப்பைப் போட்டு, இனி திரும்பாது என்கிற வரைக்கும் முறுக்குவேன். பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பட்டையின் வாலைக் கட்டரால் வெட்டிவிடுவேன். கையைக் கிழிக்காது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். தென்காசி வட்டாரத்தில் வாலை வெட்டுகிற பழக்கம் எனக்கு மட்டும்தான். பானெட்டைத் திறந்தால் இது செல்லையா வேலை என்று தெரிய வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

அப்போது அண்ணாச்சி பட்டாளத்தில் வண்டி பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, இலத்தூரில் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டிருந்தார். பழைய ஸ்பிரிங் கிளிப்பையே துடைத்து மறுபடியும் போடுகிறாராம் என்று யாரோ சொன்னார்கள். சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

"ஏன் அண்ணாச்சி, பட்டாளத்துல மலை மேலயெல்லாம் லாரி ஓட வச்சவரு, இங்கன இந்த வளையத்த நம்பியா வண்டிய அனுப்புதீங்க?"

அவர் நிமிரவே இல்லை. "வண்டி சூடானா ஹோஸு ஊதும்லா வே?"

"ஊதும்."

"ஆறுனா?"

"சுருங்கும்."

"உம்ம ஸ்குரூ அதுகூடச் சேர்ந்து சுருங்குமா?"

கையிலிருந்த ஸ்பிரிங் கிளிப்பைத் தூக்கிக் காட்டினார். "இது சுருங்கும் வே. வண்டி நின்னாலும் இது பிடிய விடாது" என்றார்.

"நான் முறுக்குத முறுக்குல அது எங்கன ஒழுகும்?"

அப்போதுதான் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். "நல்ல பெலம். ஆனா ரப்பருக்கு அவ்வளவு பெலம் கிடையாதே."

திரும்பி வந்து டீக்கடையில் எல்லோரிடமும் 'பட்டாளத்துக் கிறுக்கு' என்று சொல்லி வைத்தேன். அந்தப் பெயர் கொஞ்ச நாள் ஓடியது. அவர் காதுக்கும் போயிருக்கும். அடுத்த தடவை பார்த்தபோது டீ வாங்கித் தந்தார்.

இன்னொரு நாள் கையும் களவுமாக அவரைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு பழைய ஜீப்புக்கு ஸ்குரூ கிளிப் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி எப்ப கட்சி மாறுனீங்க?" என்றேன். "எனக்கு ஏது வே கட்சி? இது இரும்புக் குழா, தடி ஹோஸு. இது அளவுக்கு ஸ்பிரிங் கிடைக்காது. கிடைச்சாலும் பத்தாது. குழாய்க்கு எது வேணும்னு கேட்டுப் போடணும்" என்றார். இரண்டே விரலால் ஸ்குரூ டிரைவரைப் பிடித்து, ரப்பர் லேசாகப் பிதுங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டார். ஜீப்காரரிடம், "நாளைக்குக் காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணாம எனக்கு போன் அடிங்க, நான் வாறேன்" என்றார். மறுநாள் அச்சன்புதூர் வரைக்கும் ஸ்கூட்டரில் போய், ஆறிக் கிடந்த அந்த ஜீப்பில் ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பிவிட்டு வந்தாராம். அரைச் சுற்றுக்கு அத்தனை தூரமா! கேட்டவன் எல்லாம் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று பயந்தது. நான் போட்ட கிளிப் ஒன்றைக்கூட மறுநாள் போய் நான் பார்த்ததில்லை.

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்பிரிங் கிளிப்பைப் போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மறுபடி நெருக்கி, இரண்டு காதும் மேலே பார்க்கும்படி திருப்பி வைப்பார். எதற்கு என்று கேட்டேன். "அடுத்தால திறக்கிறவன் கை போவணும்லா" என்றார். அந்த வண்டி அடுத்தது என்னிடமே வரலாம், அவரைக் கிறுக்கு என்று சொன்ன என்னிடமே. அது அவருக்குத் தெரியாததா?

இனி அந்த விஷயம்.

ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன். ஆலங்குளத்து ஓனர் ஒருவரின் கார், அருவிக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது புகைவிட்டு நின்றுவிட்டது. ஓட்டியவர் இசக்கிமுத்து. அந்த வண்டிக்கு அவர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டி இழுத்து என் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஓனரும் வந்துவிட்டார். திறந்தேன். ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இஞ்சின் ஹெட் போய்விட்டது.

"தண்ணி பாக்காம ஓட்டிருக்கான்" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டது.

இசக்கிமுத்து பதறிப்போனார். "மொதலாளி, தெனமும் காலைல பாட்டிலப் பாத்தேன். தண்ணி நெறைய இருந்துச்சு. டெம்பரேச்சர் முள்ளும் ஏறவே இல்ல, சத்தியமா!"

"பாட்டில்ல நெறைய இருந்தா உள்ள எப்படிலே இல்லாமப் போவும்?" என்றார் ஓனர். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். "இனிமே நீ வரண்டாம். ஆலங்குளத்துல ஒருத்தன் உனக்குச் சாவி தாறானான்னு பாப்போம்" என்றார் அவர். அவர் சொன்னால் அது நடக்கும். மகளை அப்போதுதான் கல்லூரியில் சேர்த்திருந்தார் இசக்கிமுத்து. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டீயரிங்கை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது.

நான் மறுபடியும் குனிந்தேன். அப்போதுதான் மேல் ஹோஸின் கழுத்தைப் பார்த்தேன். ஸ்குரூ கிளிப். வால் வெட்டியிருந்தது.

இசக்கிமுத்துவுக்கு முன்னால் இருந்த டிரைவர் அந்த வண்டியை என்னிடம் கொண்டுவந்தது நினைவுக்கு வந்தது. ஹோஸ் மாற்றினேன். கிளிப் மாற்றினேன். கூலண்டு என்கிற பச்சைத் திரவத்துக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பினேன். வெட்டிய வாலைப் பார்த்த அந்த நேரத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். 'கொஞ்சம் பொறுங்க, நல்லாப் பாத்துச் சொல்லுதேன்' என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்ன வார்த்தையை விழுங்க வெட்கமாக இருந்தது, பெயர் போய்விடும் என்று பயமாகவும் இருந்தது.

"இலத்தூர் அண்ணாச்சி பாக்கட்டும். அவுக சொன்னா நான் ஒத்துக்கிடுதேன்" என்றார் இசக்கிமுத்து. ஓனரும் சரி என்றார். வண்டி இலத்தூருக்குப் போனது. நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அண்ணாச்சி வண்டியைத் தொடுவதற்கு முன்னால் டிரைவரைக் கேட்டார். "வண்டிய எங்கன போடுவ?"

"குற்றாலத்துல, ஸ்டாண்டுல, மரத்துக்கு அடில."

"காலைல அடில ஈரம் இருக்குமா?"

"சாரல்லா அண்ணாச்சி. எல்லா வண்டிக்கு அடிலயும் ஈரந்தான்."

அண்ணாச்சி தலையாட்டினார். யோசித்துப் பாருங்கள். வேறு ஊராக இருந்தால் வண்டிக்கு அடியில் சொட்டுகிற தண்ணீரை யாராவது பார்த்திருப்பார்கள். சீசன் நேரத்தில் நம் ஊரில் ஈரத்தை யார் பார்க்கிறார்கள்? பச்சைக் கூலண்டாக இருந்தால் நிறமாவது காட்டிக்கொடுத்திருக்கும். நான் ஊற்றியது குழாய்த் தண்ணீர்.

பிறகு அவர் செய்ததை என் கண்ணால் பார்த்தேன். கிளிப்பைத் தொடாமல், ஹோஸோடு சேர்த்து ரேடியேட்டரைக் கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் நிமிர்த்தி வைத்தார். மற்ற வாய்களை அடைத்தார். அடியில் செய்தித்தாளை விரித்தார். அண்ணாச்சி வீட்டு மதினி அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஊற்றினார். அரை மணி நேரம் எல்லோரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு இல்லை.

"ஒழுகலியே அண்ணாச்சி" என்றார் ஓனர். எனக்கு மூச்சு வந்தது.

"சூட்டுல ஒழுகாது. நாளைக்குக் காலைல வாங்க" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் காலையில் ஓனருக்கு முன்னாலேயே நான் போய் நின்றேன். தாள் காய்ந்து கிடக்க வேண்டும் என்று உலகம்மனை வேண்டிக்கொண்டே போனேன். ஹோஸ் கழுத்துக்கு நேர் கீழே ஒரு தோசை அளவுக்கு நனைந்திருந்தது.

அண்ணாச்சி கிளிப்பைக் கழற்றிக் காட்டினார். ரப்பரில் பட்டையின் பல் வரிசையாகக் கடித்திருந்தது. கடிபட்ட முனையை ஒரு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டு, அதே ஹோஸை அதே கழுத்தில் மாட்டி, ஸ்பிரிங் கிளிப் போட்டார். புதுத் தாள். மறுபடியும் கொதிக்கிற தண்ணீர். மூன்றாம் நாள் காலையில் தாள் அப்படியே காய்ந்து கிடந்தது. ஆலங்குளத்துக்காரர் அதைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, நின்றபடியே ஒரு செய்தியைப் படிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

"வண்டி ஆறும்போது ரேடியேட்டரு பாட்டில்ல இருந்து தண்ணிய உறிஞ்சிக்கிடும்" என்றார் அண்ணாச்சி. "ஹோஸ் வாயில சந்து இருந்தா அதுவழியா காத்தத்தான் உறிஞ்சும். பாட்டிலு நெறஞ்சே நிக்கும், உள்ள கொஞ்சங் கொஞ்சமா காலியாவும். முள்ளுக்குத் தகவல் சொல்லுதது தண்ணிக்குள்ள இருக்கணும். தண்ணியே இல்லன்னா அது என்னத்தச் சொல்லும்? இவன் சொன்னது எல்லாம் நெசம். பாட்டிலும் நெசம், முள்ளும் நெசம்."

அம்மாடி! இருபது வருஷமாக ரேடியேட்டரோடு புழங்குகிறவன் நான். அப்படி ஒன்றை யோசித்ததே இல்லை. அவமானத்துக்கு நடுவிலும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. ஒரு மனிதன் சொன்ன வார்த்தையை நம்பி, அது எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று தேடிப்போயிருக்கிறார். நாங்கள் எல்லோரும் அது எப்படிப் பொய் என்றுதான் பார்த்தோம்.

"அப்ப இந்தக் கிளிப்பப் போட்டவன் யாரு?" என்று கேட்டார் ஓனர்.

கிளிப் அண்ணாச்சி கையில் இருந்தது. அவருடைய கட்டைவிரல் வெட்டின வால் மேல் இருந்தது. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ரேடியேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அப்படியே பொறுத்துப் பார்த்துவிட்டு, கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டிரைவரு நிக்கானா, போறானா? மொதல்ல அதச் சொல்லும்."

"நிக்கட்டும் அண்ணாச்சி" என்றார் ஓனர்.

இசக்கிமுத்து அந்த இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து அழுதார். நான் வெளியே வந்து பைக்கை எடுத்தேன்.

அடுத்த வாரம் அண்ணாச்சி முதல்முறையாக என் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். பையிலிருந்து கிளிப்பை எடுத்து மேசையில் வைத்தார். "இது உம்மது."

"ஏன் அண்ணாச்சி அண்ணைக்குச் சொல்லல?"

"சொல்ல வேண்டியவரு நான் இல்லியே வே."

"நான் சொல்லிருதேன் அண்ணாச்சி."

"சரி" என்றார். டீ குடித்தார். அருவியில் தண்ணீர் எப்படி என்று கேட்டார். போய்விட்டார்.

எட்டு வருஷம். அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கல்யாண வீட்டில், டீக்கடையில், கோயில் வாசலில் எத்தனையோ தடவை பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று பயப்படுவேன். கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். இசக்கிமுத்து சொந்தமாக ஒரு கார் வாங்கினார். வாங்கின நாளிலிருந்து அதை என்னிடம்தான் விடுகிறார். "உங்க கை பட்டாத்தான் அண்ணாச்சி எனக்கு நிம்மதி" என்பார். பாவம், ஒன்றும் தெரியாமல் பேசுகிறானே என்று நான் குறுகிப்போவேன். அவர் வண்டிக்கு ஒரு கிளிப் போட்டால் மறுநாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நாளடைவில் எல்லா வண்டிக்கும் அப்படியே ஆகிவிட்டது. ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்றித் தூர எறிவதையும் விட்டுவிட்டேன்.

அண்ணாச்சியை எடுத்த அன்று இலத்தூரில் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள், வேன்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. புறப்படுவதற்கு முன் டிரைவர்கள் சிலர் தங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து, சாரலா ஒழுகலா என்று ஈரத்தில் விரலை வைத்து மோந்து பார்த்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. குளத்திலிருந்து திரும்பி வந்து கால் கழுவுகிற குழாயடியில் இசக்கிமுத்து நின்றார். இனிமேலும் சொல்லாவிட்டால் நான் மனிதனில்லை என்று தோன்றியது.

"இசக்கி, அந்த ஆலங்குளத்து வண்டில கிளிப்பப் போட்டது நான்தான். தெரிஞ்ச பெறவும் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

அவர் காலைக் கழுவி முடித்தார். "தெரியும் அண்ணாச்சி."

"எப்பத் தெரியும்?"

"அண்ணைக்கே தெரியும். தென்காசில வால வெட்டிப் போடுததுக்கு வேற யாரு இருக்கா? வந்த ஆத்திரத்துக்கு உங்க கடை முன்னால வந்து கத்திருப்பேன். இலத்தூர் அண்ணாச்சிதான் கையப் பிடிச்சு நிறுத்துனாவ. 'கூட்டத்துல வச்சு அசிங்கப்பட்டா செல்லையா அதோட மறந்துருவாரு. விடுலே. இனிமே ஒவ்வொரு கிளிப்பு போடும்போதும் அவருக்கு உன் மூஞ்சி ஞாபகம் வரும். அவரு அளவுக்குக் கவனமா இந்தப் பக்கத்துல எவனும் போட மாட்டான். உனக்குன்னு வண்டி வந்தா அவருட்டயே விடு'ன்னு சொன்னாவ."

நான் குழாயை மூடினேன்.

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னும் சொன்னாவ. எப்பன்னு கேட்டேன். அது நமக்கு எதுக்குலேன்னுட்டாவ" என்றார் இசக்கிமுத்து. பிறகு, "நாளைக்கு வண்டிய கொண்டாரட்டா? கீழ் ஹோஸு மாத்தணும்னு சொன்னீங்கள்லா" என்று கேட்டார்.

கொண்டுவந்தார். மாற்றினேன். கிளிப் அதன் பழைய தடத்தில் உட்கார்ந்தது. காதுகள் இரண்டையும் கை போகிற பக்கம் திருப்பி வைத்தேன். இந்தப் பழக்கமும் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. அவர் எனக்கென்று தந்த ஒரே பொருள் என்னுடைய கிளிப்தான். அது என் மேசைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. இத்தனை வருஷம் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன், இப்போதுதான் வெளியே எடுத்தேன்.

இந்தப் புத்தகம் ஆலங்குளத்துக்கும் போகும். ஐயா, அன்றைக்கு இலத்தூரில் நின்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அண்ணாச்சி அதற்குப் பதில் சொல்லாமல் எனக்காக விட்டுவைத்தார். அந்தக் கிளிப்பைப் போட்டவன் நான்தான்.